ஒரே இடத்தில் பதினெட்டு மரமும் ஒரு தீயணைப்பு வண்டியும்

அவர் சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா இருக்கும். நீலம் கையெழுத்துக்கு, சிவப்பு தீயணைப்பு சம்பந்தமானவற்றுக்கு, பச்சை மரத்துக்கு. உலகம் மொத்தமும் அந்த மூன்று பேனாவுக்குள் அடங்கிவிட்டது என்பது அவர் எண்ணம். செங்கல், படி, கதவு, அதில் ஏறி இறங்குகிற ஆள் இதெல்லாம் அவருக்குக் கொஞ்சம் தொந்தரவான சங்கதிகள்.

பிளான்காரர் என்றுதான் எல்லாரும் அவரைச் சொன்னோம். கட்டடத்துக்கு வரைபடம் போட்டு, நகராட்சியில் கொடுத்து, அனுமதி வாங்கித் தருவது தொழில். திருவள்ளூரில் நான் வேலை பார்க்கிற அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஏற்கெனவே ஒரு மாடி இருந்தது. அதற்கு மேல் இன்னொரு மாடி எழுப்ப முதலாளிக்கு ஆசை வந்தபோது இவரும் கூடவே வந்தார். முதலாளி ஆந்திரா பக்கத்துக் குடும்பம். நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குப் பிளான்காரர் மேல் அப்படி ஒரு மரியாதை. தன் ரூமில் தனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். இருபது வருஷமாக அந்த ரூமில் நான் உட்கார்ந்ததில்லை.

நான் யார்டு பார்த்துக்கொள்கிறவன். லாரி வந்தால் ஏற்றுவது, இறக்குவது, எண்ணுவது. படிப்பு எட்டாவதோடு நின்றுபோனது. அதனாலோ என்னவோ, யாராவது ஒரு தாளை நீட்டினால் அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறதோ என்று முதலில் பயம்தான் வரும். என் மனைவி இதை வியாதி என்பாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் நான். இருக்கட்டும்.

அவளும் அதே கம்பெனியில்தான் வேலை செய்கிறாள். நாற்பது பெண்கள் கீழ்த்தளத்தில் பசை காய்ச்சுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவார்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து வேனில் வருகிறவர்களும் உண்டு. புது மாடி இவர்களுக்காக. மேலே போனால் காற்று வரும், பசை நாற்றம் இருக்காது என்று அவர்களுக்குச் சந்தோஷம். நான் மட்டும் வேறு கணக்குப் போட்டேன். கீழே அட்டை, நடுமாடியில் அட்டை, அதற்கு மேலே நாற்பது பெண்கள். நான் இதைச் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்.

இறங்குவதற்கு உள்பக்கம் ஒரு படி உண்டு. இரண்டாவது படி கட்டாயம் வேண்டும் என்று சட்டம் சொல்வதால், மேற்குச் சுவரை ஒட்டி வெளியே இரும்புப் படி வைத்தார்கள். திருட்டுப் பயத்தில் நைனா அதைச் சுற்றித் தகரம் அடித்து, அடியில் ஒரு இரும்புக் கதவும் போட்டார். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். கதவு பின்மூலைப் பக்கம், தகரத்துக்கு மறைவில் இருக்கும்; திறந்தால் மேற்குச் சந்து. கட்டடத்துக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் இருபது அடி அகலத்தில் நீளமாகக் கிடக்கும் காலி இடம். காலி என்று சொல்வது வழக்கம்தான். உண்மையில் லாரிக்காகக் காத்திருக்கும் அட்டைக் கட்டுகளை நான் அங்கேதான் அடுக்குவேன்.

ஒருநாள் பிளான்காரர் இரண்டு வரைபடங்களை என் மேஜையில் விரித்தார். சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைகளை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அப்போதுதான் பார்த்தேன். ஒரு தாளில் மேற்குச் சந்து முழுக்கச் சிவப்புக் கோடு. அது தீயணைப்பு வண்டி சுற்றி வருவதற்கான பாதை. இன்னொரு தாளில் அதே சந்தில் பச்சை பச்சையாக வட்டங்கள். எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு மரம். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் இலை மாதிரி நெளிநெளியாகக் கோடு போட்டிருந்தார். அழகாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

"சார், ரெண்டும் ஒரே எடம்தானே?" என்றேன்.

"எது?"

"வண்டி போற எடமும் மரம் வெக்கிற எடமும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ இன்னா படிச்சிருக்க?"

"எட்டாவது சார்."

"அதான். இது தீயணைப்புக்குப் போற தாளு. இது நகராட்சித் தோட்டப் பிரிவுக்குப் போற தாளு. ரெண்டு தாளும் ரெண்டு ஆபீசு. நீ ஏன் ஒண்ணா வெச்சுப் பாக்குற?"

மூலைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மனிதர் பொய் சொல்கிறார், அவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். வேப்பம்பட்டில் அவர் வீட்டுக்குப் போனபோதுதான் அந்த நினைப்பு ஆட்டம் கண்டது. நைனா கையெழுத்துப் போட்ட தாள்களைக் கொடுத்துவிட்டு வர என்னை அனுப்பியிருந்தார். அதற்கு முந்தின நாள் நல்ல கோடை மழை. அவர் வீட்டு வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. செடி கொடி ஒன்றும் கிடையாது, சுவரிலிருந்து சுவர்வரை சிமெண்டுத் தரை. பிளான்காரர் பேண்டை முட்டிவரை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் நின்றுதான் என்னிடம் தாளை வாங்கினார்.

"தண்ணி நிக்குதே சார்," என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"நிக்காது. தரை வாட்டம் தெருப்பக்கம் சரிவாத்தான் குடுத்திருக்கேன்."

நான் அவர் காலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"பிளான்ல தெருப்பக்கம்தான் கீது," என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி ஒரு குடத்தால் தண்ணீரை அள்ளித் தெருவில் ஊற்றியபடி, "நீங்க போங்கண்ணே. இந்த மனுசன் பிளானை நனைச்சுக் காட்னாத்தான் நம்புவாரு," என்றார். அந்த அம்மா சிரிக்கவில்லை. இவரும் கோபப்படவில்லை. தாள்களைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நனையாமல் உள்ளே கொண்டுபோனார்.

தீயணைப்பு அதிகாரி முதலில் வந்தார். அதற்கு முந்தின நாள் என் அட்டைக் கட்டுகளை எல்லாம் காலி செய்யச் சொன்னார்கள். செய்தேன். சந்து கண்ணாடி மாதிரி இருந்தது. தீயணைக்க வைத்திருந்த சிவப்பு வாளிகளில் பழைய மணலை மாற்றாமல், பீடித் துண்டுகள் தெரியாதபடி மேலே ரெண்டு கை புது மணலைத் தூவினார்கள். அதிகாரி அளந்து பார்த்தார், எழுதிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் நகராட்சியிலிருந்து ஒரு இளம்பெண் வந்தார். தோட்டம், மழைநீர்க் குழி எல்லாம் பார்க்கிறவர். அவர் வருவதற்குள் ஒரு மினி லாரியில் பதினெட்டு தொட்டிச் செடிகள் மேற்குச் சந்தில் வந்து இறங்கின. தொட்டி தெரியாமல் சுற்றிலும் மண்ணைக் குவித்து, மேலே எருவைத் தூவி, நட்டு வைத்த மாதிரி ஆக்கினார்கள். பிளான்காரர் கேட்டுக்குப் பக்கத்தில் நிழலில் நின்று, "கொஞ்சம் வலப்பக்கம். தாள்ல வலப்பக்கம் கீது," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டடத்துக்கு உள்ளே அவர் காலை வைத்து நான் பார்த்ததில்லை. ஏறினால் முட்டி வலிக்குமாம்.

அந்தப் பெண் ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் ஒரு அரளிக்கு முன்னால் நின்றுவிட்டார். அதன் ஒரு கிளை ஒடிந்து, சிவப்பு நாடாவால் கட்டியிருந்தது.

"இதை நான் போன வாரம் ஒரு ஸ்கூல்ல பாத்தேனே சார்."

"அரளி எல்லாம் ஒரே மாதிரிதான்மா இருக்கும்," என்றார் பிளான்காரர்.

"இந்தச் சிவப்புக் கட்டும் ஒரே மாதிரியா சார்?"

பிளான்காரர் சுருளைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார். அந்தப் பெண் வேறெதுவும் கேட்காமல் போய்விட்டார்.

நாலு நாள் கழித்துப் பிளான்காரர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "அந்தப் பொண்ணு இன்னா பண்ணிச்சு தெரியுமா? தீயணைப்புத் தாளை வாங்கி, தன் தாளை அது மேல வெச்சு, ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துக்கினு இருந்துச்சாம். ஆபீஸ்ல வேலை இல்லாட்டி இப்டித்தான். இப்ப ரெண்டு பேரும் ஒண்ணா வந்து பாப்பாங்களாம்."

எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இனிமேல் எப்படி மறைப்பார் என்று. ஆனால் அவர் என் யார்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டைக் கட்டு தள்ளுகிற ஆறு ட்ராலிகள் அங்கே நின்றன.

அவர் கண்டுபிடித்தது இதுதான். போன தடவை திருப்பி எடுத்துப்போன செடிகளோடு மினி லாரி திரும்ப வரும். செடிகளை ட்ராலியில் ஏற்றி வைக்க வேண்டும், ட்ராலிக்கு மூன்று. தீயணைப்பு அதிகாரி சந்தைப் பார்க்கும்போது ட்ராலிகள் பின்மூலையில் மறைந்து நிற்கும். அந்த நேரத்தில் தோட்டப் பிரிவுப் பெண்ணுக்கு முன்பக்கம் மழைநீர்க் குழியைக் காட்டுவார்கள். அதிகாரி மேலே போனதும் நான் ட்ராலிகளைச் சந்துக்குள் தள்ளி வரிசையாக நிறுத்த வேண்டும். அப்புறம் அந்தப் பெண் வந்து மரத்தைப் பார்ப்பார். ரெண்டு பேரும் வருகிற அன்று காலையில் ஆறு ட்ராலிக்கும் பச்சைத் துணி சுற்றினார்கள். ஊரில் தேர் இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். தோட்டம் இழுப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பின்மூலையில எங்க சார் நிறுத்துறது? அங்க எடமே இல்லியே."

"படிக்கட்டுக் கதவு முன்னாடி நிறுத்து."

"அது எறங்குற வழி சார்."

"இன்னிக்கு யாருய்யா எறங்கப் போறாங்க? மேல யாரும் இல்ல. ஒரு நாள் பேஜாரு, முடிஞ்சுடும். நாளைக்கு உன் பொண்டாட்டி ஃபேன் காத்துல உக்காந்து வேலை செய்வா."

அன்று காலையில் அவளும் அதைத்தான் சொல்லியிருந்தாள். "இந்தாய்யா, இன்னிக்கு உன் பயத்தை ஊட்லயே வெச்சுட்டு வா. நாப்பது பேரும் மேஜையைத் தொடச்சு வெச்சுக்கினு நிக்கிறோம். நாளைக்கு மேல போறோம்."

இரண்டு பேரும் வந்தார்கள். நைனா ரூமில் டீ ஆயிற்று. திட்டப்படி அந்தப் பெண்ணை முன்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். தீயணைப்பு அதிகாரி பிளான்காரரோடு மேற்குச் சந்துக்கு வந்தார். நான் பின்மூலையில், கதவை அடைத்து நின்ற ஆறு ட்ராலிக்குப் பக்கத்தில், செடிகளோடு செடியாக நின்றேன். பாதி தூரத்தில் பிளான்காரர், "அவ்ளோதான் சார், மேல போலாம்," என்றார். அதிகாரி காது கேளாதவர் மாதிரி நடந்து வந்து மூலையைத் திரும்பினார். செடிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

அதிகாரி பிளான்காரர் பக்கம் திரும்பி, "சார், நீங்க உள்படி வழியா மேல போங்க. போயிட்டு இந்த வெளிப்படியில எறங்கி வாங்க. எவ்ளோ நேரம் ஆகுதுன்னு நான் இங்க நின்னு பாக்கறேன்," என்றார்.

"எனக்கு முட்டி வலி சார். வேற யாரையாவது..."

"பரவால்ல. முட்டி வலி இருக்கறவங்களும் எறங்கணுமில்ல."

பிளான்காரர் போனார். என்னைத் தாண்டிப் போகையில் கண்ணாலேயே சொன்னார், இழுத்துவிடு என்று. எனக்கு நன்றாகப் புரிந்தது. முதல் ட்ராலியின் கைப்பிடியில்தான் என் கை இருந்தது. இழுத்தால் சக்கரம் உருளும், கதவு திறக்கும், அவர் இறங்கி வருவார், மாடிக்கு அனுமதி கிடைக்கும், என் வேலையும் நிலைக்கும். நாளைக் காலையில் அவள் மேலே போவாள். நாளை மறுநாள் நான் அதே கதவுக்கு முன்னால் அட்டைக் கட்டு அடுக்குவேன். அடுக்காமல் இருக்கலாமே என்று கேட்கலாம். இருபது வருஷமாக அடுக்குகிறவனுக்கு அவனைப் பற்றித் தெரியாதா?

"இதெல்லாம் தெனமும் இங்கதான் நிக்குமாப்பா?" என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார்.

"இல்ல சார். இன்னிக்கு மட்டும்தான் செடி. மத்த நாள்ல இங்க லோடு நிக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. கை கைப்பிடியில்தான் இருந்தது. இழுக்கவில்லை.

மேலே காலடி கேட்டது. இரும்புப் படியில் ஒவ்வொன்றாக, முனகிக்கொண்டு, நின்று நின்று இறங்கும் சத்தம். பிறகு உள்ளேயிருந்து கதவைத் தள்ளினார். கதவு ஒரு விரல் அகலம் நகர்ந்து முதல் ட்ராலியில் முட்டி நின்றது. அந்த இடுக்கில் அவர் மூக்கு தெரிந்தது.

"யோவ், இழுய்யா."

அதிகாரி என் பக்கம் கையைக் காட்டி, இரு என்றார். வாட்சைப் பார்த்தார்.

"யோவ், இன்னா பண்ணிக்கினு கீற? உள்ள வேகுதுய்யா." வெயில் காலம். தகரக் கூண்டு. உள்ளே எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்தத் தகரத்தை அடித்தபோது நானும் கூட நின்றவன். கதவை இரண்டு கையாலும் தட்டினார். பிறகு காலால் உதைத்தார். தொட்டியில் இருந்த அரளி மட்டும் ஆடியது. முன்பக்கம் போயிருந்த அந்தப் பெண்ணும் நைனாவும் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். லேபிள் ஒட்டுகிற பெண்கள் ஜன்னலில் கூடிவிட்டார்கள். ஒருத்தி, "யாருடி உள்ள மாட்டிக்கினது?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "பிளான்தான்," என்றாள். சிரிப்பு கிளம்பி, அப்படியே நடுவில் நின்றுபோனது. உள்ளேயிருந்து வந்த சத்தம் அப்போது மாறியிருந்தது. வசவு இல்லை. "சார், சார்" என்று மட்டும் கேட்டது.

"இப்ப இழுப்பா," என்றார் அதிகாரி.

வெளியே வந்தவர் சட்டை பிழிந்தெடுத்த மாதிரி இருந்தது. முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. கக்கத்தில் இருந்த சுருளைத் தடவி விரித்தார்.

"சார், கதவு வெளிப்பக்கமாத்தான் தொறக்குது. ரூல்படி. பாருங்க."

யாரும் பார்க்கவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்தான் கொஞ்சம் இரக்கமாக, "மொதல்ல தண்ணி குடிங்க சார்," என்றார்.

அனுமதி நின்றது. மேற்குச் சந்தில் ஒரு துரும்பு இருக்கக்கூடாது, மரங்களைத் தரையில் நட வேண்டும், அதுவும் முன்பக்கத்தில், என்று எழுதி வந்தது. முன்பக்கம் நைனாவின் கார் நிற்கிற இடம். அவருக்கு அதில்தான் ரொம்பக் கோபம். "இன்னா பண்ணி வெச்ச நீ? ஒரு ட்ராலி இழுக்கறதுக்குக் கை இல்லியா உனக்கு?" என்றார். "கை வரல நைனா," என்றேன். யார்டிலிருந்து எடுத்து என்னைக் கழிவு அட்டை கட்டுகிற கொட்டகையில் போட்டார். வீட்டில் அவள் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசியபோது பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அந்த வெயில்காலம் முழுக்க நாற்பது பேரும் பசை நாற்றத்திலேயே உட்கார்ந்தார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது மூக்கைப் பொத்திக் காட்டிவிட்டுப் போவார்கள்.

மழை தொடங்கினபோது எல்லாம் சரி செய்து அனுமதி வந்தது. கடைசித் தாளைக் கொடுக்கப் பிளான்காரர் வந்தார். நைனா பழையபடி எதிர் நாற்காலியில் உட்கார வைத்துப் பேசினார். புதுத் தாளில் பச்சை வட்டங்கள் முன்பக்கம் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான். அதே நெளிநெளி. திரும்பிப் போகையில் கொட்டகைப் பக்கம் வந்தார். என்னைத் திட்டத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் தன் ஸ்கூட்டரை எடுக்க வந்திருந்தார்.

"சார், அன்னிக்கு நான் பண்ணது தப்புதான்," என்றேன். "உள்ள ரொம்ப பயந்துட்டீங்களா?"

"பயமா? எதுக்கு?" உண்மையாகவே யோசித்தார். "கதவு தொறக்கிற கதவுதானே."

"ட்ராலி அடைச்சுக்கினு இருந்துச்சே சார்."

"பிளான்ல ட்ராலி எங்கப்பா கீது? நீயே காட்டு." சுருளை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன். கேலி இல்லை, சூது இல்லை. நான் காட்டுவேன் என்று காத்திருந்தார். ஏமாற்றுகிறவனுக்காவது தான் அடைத்த கதவு எது என்று தெரிந்திருக்கும். இந்த மனிதர் தன் மூக்கு மாட்டிய இடுக்கைக்கூட நம்பவில்லை.

"சரி, நேரமாவுது," என்று ஸ்கூட்டரை உதைத்தார். "கும்மிடிப்பூண்டியில மூணு ஷெட்டு நிக்குது. எல்லாம் மாடி ஏத்துறாங்க. இந்த வாரம் கையெழுத்தாயிடும்."

மறுநாள் என் மனைவி மேலே போனாள். காற்று நன்றாக வருகிறதாம். நைனா மனம் இரங்கி என்னைத் திரும்ப யார்டிலேயே போட்டார். தினமும் வேலை தொடங்குமுன் மேலே ஏறி, அந்த வெளிப்படியில் இறங்கி, கதவை உள்ளேயிருந்து ஒரு தடவை தள்ளிப் பார்க்கிறேன். கதவுக்குப் பூஜை போடுகிறேன் என்று பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கும்மிடிப்பூண்டியில் அந்த மூன்று ஷெட்டும் எங்கே இருக்கின்றன என்று அவரிடம் கேட்காமல் விட்டுவிட்டேன். அங்கே மேலே உட்கார்ந்திருப்பது யார், கீழே கதவைத் தள்ளிப் பார்ப்பது யார் என்று எனக்குத் தெரியாது.